சார்ந்ததன் வண்ணமும் சிறார் உள்ளமும்

உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பிற்றென்பது சைவசித்தாந்தத் துணிபு. இளமையில் இவ்வியல்பு மிக்கு விளங்கும். ஆதலின் சிறார் காண்பனவும் கேட்பனவும் அவர்தம் உள்ளத்தை உருவாக்குவனவாம். கண்ணிலாப் பெற்றோரைக் காவடியிற் சுமந்து செல்லும் சிரவணனது படத்தை, ஊர்தோறுஞ் சென்று படங்காட்டுவோர் காட்ட இளமையிற் கண்டமை தம் உள்ளத்தில் அழியாது பதிந்ததென்று, காந்தியடிகள் 1925 முதல் எழுதிய 'சத்திய சோதனை'யிற் கூறினார்.

சோமனூர்ச் சிறார்க்கு அத்தகைய வரலாறு அணித்தேயுள்ளது. அவிநாசியில் முதலையுண்ட பிள்ளையைச் சுந்தரமூர்த்தி நாயனார் மீட்டருளியதே அது. திரைப்படத்திலோ கைப்பேசியிலோ இதனைக் காட்டுவார் முதலையின் வாயையே பெரிதாகக் காட்டின், பிள்ளைகள் வியப்பொன்றே கொள்வர். ஒரு மனையில் உபநயன மங்கல ஒலியும் எதிர்மனையில் அழுகையொலியும் எழ, அவ்வழுகை கேட்டு நாயனார் நின்று வினவியதன்றோ அருளின் தொடக்கம்! முதலையை அழைத்தல் நாயனார்க்கே இயல்வது. நின்று வினவுதல் எச்சிறார்க்கும் இயலும்.

ஆதலின் காட்டுவோர் அதனையே விளங்கக் காட்டுக. பெற்றோரும், கண்டபின் வாளாவிராது, அயல்மனையில் நோயுற்றார்க்கு ஒரு குடம் நீர் கொணர்ந்து உதவுமாறு பிள்ளைகளை ஏவுக. கண்டது செயலாகிய வழியே சார்பு நிலைபெறும்.