பங்குனியில் எடுக்கும் முடிவு

பங்குனி

வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. மாடு சினைக்குக் கத்துகிறது. காலையில் கத்தினால் மாலையில் சினை ஊசி, மாலையில் கத்தினால் மறுநாள் காலை. ஆவடி, பூந்தமல்லி பக்கம் மிஞ்சியிருக்கும் கொட்டகைகளில் இதுதான் கணக்கு.

சினைக்காலம் ஏறக்குறைய 282 நாள். பங்குனிக் கடைசியில் சினை பிடித்தால் தை பிறக்கும்போது கன்று. அப்போது மழை ஓய்ந்திருக்கும். திருவள்ளூர்ப் பக்கத்துச் சம்பா வைக்கோலும் வரத் தொடங்கும். தையில் சினை பிடித்தாலோ ஐப்பசி அடைமழையில் ஈனும். கலப்பின மாட்டுக்குச் சினை பிடிக்கத் தோதானது குளிர்ந்த மாதம். கன்றுக்குத் தோதானது காய்ந்த தரை. இரண்டும் ஒரே மாட்டிடம் ஒத்துவருவதில்லை.

ஆடி

கை விட்டுப் பார்த்துச் சினை உறுதி சொல்லியாயிற்று. இனி அவசரப்பட ஒன்றும் இல்லை. மழைக்கு முன் தொண்டை அடைப்பான் தடுப்பூசியை மட்டும் மறக்கக்கூடாது.

குளிர்நாடுகளில் இறைச்சிக்கு மாடு வளர்ப்பவர்கள் காளையைத் தனியே கட்டிவைத்து, இரண்டு மாத அளவுக்கு மட்டும் மந்தையில் விடுகிறார்கள். பனி உருகிப் புல் தழைக்கும்போது கன்றுகள் எல்லாம் ஒன்றாகப் பிறக்கின்றன. அவர்கள் அஞ்சுவது பனிக்கு, நாம் அஞ்சுவது ஈரத்துக்கு.

ஐப்பசி

இங்கே குளிர்காலம் என்றால் தண்ணீர்தான். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர், கொரட்டூர்ப் பக்கம் தெருக்களில் நீர் நின்றது. வெள்ளம் என்றைக்கோ ஒருநாள் வருவது. சேறு மழைக்காலம் முழுக்க இருப்பது. ஈரத்தில் நின்றால் குளம்பு அழுகும், படுத்தால் மடிநோய் வரும். வைக்கோற்போரைத் தரையில் போடாமல் மேடு கட்டி ஏற்றுவதும், சாணியை உடனுக்குடன் வழிப்பதும், மூத்திரம் வழிந்தோட வாட்டம் வைப்பதும்தான் இந்தப் பருவத்தின் வைத்தியம்.

கார்த்திகை

ஈனுவதற்கு இரண்டு மாதம் முன்பே பாலை வற்றவிட வேண்டும். சொசைட்டிக்கு ஊற்றப் பாலில்லை, தீவனச் செலவு மட்டும் நிற்காது. கைக்கு எதுவும் வராத இந்த நாட்களில்தான் வயிற்றுக்குள் கன்று வேகமாக எடை போடுகிறது. வற்றிய மாடுதானே என்று தீனியைக் குறைத்தால் தையில் அது தெரியும்.

மார்கழி

கனடாவின் மனிடோபாவில் கஸ் கோனெஃபால் என்ற பண்ணையாளர், கடைசித் தீனியை இரவில் போட்டால் மாடுகள் பெரும்பாலும் பகலில் ஈனுகின்றன என்று கண்டார். இங்கே கொசுவுக்கு மூட்டம் போடும் நேரத்தில் வைக்கோலையும் போட்டுப் பார்க்கலாம். மாடு இரவில் ஈன்றாலும் நட்டமில்லை, தூக்கம்தான் போகும்.

தை

கன்று விழுந்தது. சீம்பால் முதல் ஒரு மணி நேரத்துக்குள் உள்ளே போக வேண்டும். ஒரு நாள் கழிந்தால் அதிலுள்ள நோய் எதிர்ப்புப் பொருளைக் கன்றின் குடல் ஏற்காது. நஞ்சுக்கொடி தானாக விழட்டும், இழுக்கக்கூடாது.

அடுத்த தைக்கும் ஒரு கன்று வேண்டுமானால் இப்போதே எண்ணத் தொடங்கவேண்டும். ஆண்டின் 365 நாளில் சினைக்கு 282 போக மிச்சம் 83. கர்ப்பப்பை பழைய நிலைக்கு வர 60 நாளாவது விடவேண்டும். மீதி 23 நாள். பருவம் வருவது 21 நாளுக்கு ஒருமுறை. ஆக, கையில் இருப்பது ஒரு வாய்ப்பு, மிஞ்சிப்போனால் இரண்டு. அதுவும் வெயிலில், வெயிலில் மாடு கத்துவதே குறைந்துவிடும். தவறும் ஒவ்வொரு முறையும் கன்று மூன்று வாரம் தள்ளிப்போகும். நான்கு முறை தவறினால் தைக் கன்று பங்குனிக் கன்றாகும்.

மழைக்காலத்துக்காக மழையில் செய்வதற்கு அதிகம் இல்லை. அதற்கான வேலை பங்குனியில் இருக்கிறது. மாட்டை நிழலில் கட்டுவது, தொட்டியில் தண்ணீர் வற்றாமல் பார்ப்பது, விடியலிலும் அந்தியிலும் பக்கத்தில் நின்று கவனிப்பது. அதற்குப் பிறகும் சினை நிற்காமல் போகலாம். போனால் அந்த ஆண்டின் தேதியை மாட்டிடமே விட்டுவிட்டு, ஐப்பசிக்குள் தரையை மேடாக்க வேண்டியதுதான்.