கொத்து வாங்கிய குஞ்சு

அடையாறில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், தென்னைமரத்தை ஒட்டி ஒரு கோழிக்கூடு இருக்கிறது. ஆறடிக்கு நாலடி. அத்தை, அதாவது என் மாமியார், அதில் மூன்று பெட்டைகளை வளர்க்கிறார். போன வருடம் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் நான் நான்கு குஞ்சுகள் வாங்கி வந்தேன். இன்குபேட்டரில் பொரித்தவை, தாய் கிடையாது. அட்டைப்பெட்டியில் பல்பு வெளிச்சத்தில் ஐந்து வாரம் வளர்த்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய கோழிகளோடு விட்டேன். மதியத்துக்குள் ஒன்றின் உச்சந்தலை கிழிந்துவிட்டது. மூலையில் தலையைச் செருகிக்கொண்டு நின்றது. இரவில் செத்துப்போனது.

பக்கத்து வீட்டு அம்மா மதில்மேல் எட்டிப் பார்த்துச் சொன்னார்: "பொம்பளைக்குப் பொம்பளைதான் எதிரின்னு சும்மாவா சொன்னாங்க?" நான் சிரித்தேன். அந்தச் சிரிப்புதான் இன்னும் உறுத்துகிறது.

கோழிகளுக்குள் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை உண்டு. நார்வேக்காரர் தோர்லெய்ஃப் ஷெல்டெரூப்-எப்பே 1920களின் தொடக்கத்தில் அதை எழுதினார். இன்று அலுவலகம், குடும்பம் எல்லாவற்றுக்கும் அந்த வரிசையை உதாரணம் காட்டுகிறார்கள். ஆனால் வரிசை படிந்துவிட்டால் சண்டை குறையும், கீழே இருப்பது ஒதுங்கிக்கொள்ளும் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. ஒதுங்க இடம் வேண்டும். நான் விட்ட கூட்டில் இடம் ஏது?

கோழி வளர்ப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். நடுவில் கம்பி வலை கட்டி, இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பார்த்துப் பழக விட வேண்டும். எட்டு, பத்து வாரம் ஆகி, குஞ்சுகள் உடம்பு தேறியபிறகுதான் சேர்க்க வேண்டும். தீவனத் தட்டு இரண்டு, தண்ணீர் இரண்டு. முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச்சத்து அதிகம், குஞ்சின் சிறுநீரகத்துக்கு ஆகாது. அடைக்கோழி இருந்தால், பொரித்த ஓரிரு நாளில் இரவோடு இரவாக அதன் இறக்கைக்கடியில் குஞ்சுகளை வைத்துவிடலாம். பிறகு யாரும் கிட்டே வராமல் அது பார்த்துக்கொள்ளும். இதில் ஒன்றையும் நான் செய்யவில்லை. பழியை மட்டும் கோழிமேல் போட்டுச் சிரித்தேன்.

மருமகளும் தாயை விட்டுவிட்டுத்தான் இன்னொருத்தியின் கூட்டுக்குள் வருகிறாள். ஒரே அடுப்படி, ஒரே தட்டு. சண்டை எல்லோர் கண்ணிலும் படுகிறது. கூட்டைக் கட்டியவர் வாசலில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார்.

இதுவரை எனக்குக் குழப்பமில்லை. கூடுதான் காரணம் என்றால், கொத்தியவளுக்குப் பொறுப்பே இல்லையா? கோழிக்கு இல்லை, அதற்கு வேறு வழி தெரியாது. அத்தைக்குத் தெரியும். கல்யாணமான முதல் இரண்டு வருடம், எல்லோரும் சாப்பிட்டு முடித்தபின் அடிச்சோறுதான் எனக்கு. அவரும் ஒரு காலத்தில் அப்படிச் சாப்பிட்டவர்தான். அந்தப் பசி அவருக்குத் தெரியும். கூட்டைக் காரணம் காட்டி அந்த இரண்டு வருடத்தை என்னால் தள்ளுபடி செய்ய முடியவில்லை. அவரை மட்டும் குற்றம் சொன்னாலோ, முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்துபோன என் கணவரும் மாமனாரும் தப்பித்துவிடுகிறார்கள். இரண்டு கணக்கையும் திறந்தேதான் வைத்திருக்கிறேன்.

மிச்சமிருந்த மூன்றுக்கும் வலை கட்டினோம். கூட்டைத் தென்னைக்கு அந்தப் பக்கம் வரை நீட்டினோம். இரண்டாவது தட்டை, நான் கேட்காமலே, அத்தை கொண்டுவந்து வைத்தார். மூன்றில் ஒன்று சேவல், அது வேறு கதை. மற்ற இரண்டும் இப்போது விடைக்கோழிகள். தீவனம் போட்டதும் பெரியது சின்னதைக் கொத்துகிறது. சின்னது தென்னைக்குப் பின்னால் போய், இன்னொரு தட்டில் தின்கிறது.