கொடுத்த வீடு யாருடைய வீடு?

முஸீபத்தில் வீடிழந்தவருக்கு வீடு கட்டித் தருவது பெரும் ஸதகா. இதில் ஐயமில்லை. ஆனால், பணம் நம்முடையது என்பதற்காக, அவர் எங்கே, எப்படி வாழ வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமையும் நம்முடையதாகி விடுமா?

2004 டிசம்பர் 26ந் தேதி சுமத்ரா அருகே கடலடியில் ஏற்பட்ட பூகம்பத்தால் எழுந்த ஆழிப்பேரலை, மரக்காணம் கரையோரக் குப்பங்களையும் தாக்கியது. கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வீடிழந்தோர், அதற்கு அப்பால் குடியேறச் சம்மதித்தால் புது வீடு என்று 2005-ல் தமிழக அரசு ஆணையிட்டது. உயிர் காக்கும் எண்ணம் நல்லதே. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு தவக்குல் வைக்கும்படி பெருமானார் (ஸல்) அவர்கள் நமக்குப் போதித்திருக்கிறார்கள் அல்லவா? ஆனால், கடலின் போக்கை வாசலிலிருந்தே பார்த்துத் தொழிலுக்குப் போகிறவருக்கு, படகும் வலையும் கண்ணுக்கெட்டாத இடத்தில் வீடு தந்தால் உயிர் தப்பும், பிழைப்பு என்னாவது?

உப்பளத் தொழிலாளியையும் எண்ணிப் பாருங்கள். மழை மாதங்களில் அவருக்கு வேலையில்லை. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் மழையில் மரக்காணம் உப்பளங்கள் நீரில் மூழ்கின. கூரையை மட்டும் நினைத்து, அந்த மாதங்களின் அடுப்பை நினைக்காதவர் பாதி வீடுதான் கட்டியவராவார்.

கட்டுமானமும் ஓர் அமானத்தே. உவர்நீரிலும் கடல்மணலிலும் கலவை போட்டால், உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்துப் பருத்துக் கான்கிரீட்டைப் பிளந்துவிடும். வெள்ளையடித்துச் சாவி கொடுக்கும் நாளில் இது தெரியாது. சில ஆண்டுகள் சென்றே தெரியும். நிறுவையில் மோசம் செய்தவனுக்குள்ள கேள்வி கணக்கு, கலவையில் மோசம் செய்தவனுக்கும் உண்டு.

“ஏழையின் கையில் பணத்தைக் கொடுத்தால் கரைத்து விடுவாரே!” என்பர் சிலர். 2001 ஜனவரி 26-ல் குஜராத்தின் கட்ச் பகுதியில் பூகம்பம் நேர்ந்தபின், அங்கே மிகப் பலர் தங்கள் வீடுகளைத் தாங்களே கட்டினர். பணம் தவணைகளாக வந்தது. பொறியாளர் வேலையைச் சரிபார்த்த பிறகே அடுத்த தவணை. உறுதிக்குக் கண்காணிப்பு, விருப்பத்துக்கு வீட்டுக்காரர். இரண்டும் ஒன்றையொன்று தடுக்கவில்லை.

ஜகாத்தில் ‘தம்லீக்’, அதாவது பெறுபவரை உடைமையாளராக்குவது, அவசியமென நம் உலமாக்கள் விளக்கியிருக்கிறார்கள். கொடுத்தபின் பொருள் அவருடையது. வீட்டுக்கும் இதே நீதிதான் பொருந்தும் என்பது நம் கருத்து. வாசலில் நம் பெயர்க்கல்லைப் பதிக்க நினைக்குமுன், அந்த வாசல் எந்தப் பக்கம் பார்க்க வேண்டுமென அவரிடம் கேட்டோமா?

அடுத்த புயலுக்குப் பின் நம் ஜமாஅத் வசூல் தொகையுடன் புறப்படும்போது, முதலில் அவர்களுடன் உட்கார்ந்து கேட்போமாக! கேட்டுக் கொடுக்கும் நற்குணத்தை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.