குண்டூசியும் ஸ்கேலும்

கிராஃப் தாள். ஓர் அலகுக்கு 5 செ.மீ. ஒவ்வோர் எண்ணுக்கும் நேர்மேலே அதன் வர்க்கம். புள்ளிகளைக் கையாலேயே இணைக்கிறேன். பரவளையம் மெல்ல மேலேறுகிறது.

1-க்கு நேரே உயரமும் 1. அங்கே ஒரு குண்டூசி. தாள் துளைபடும் சிறு சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

ஸ்கேலை ஊசியோடு ஒட்டி வைக்கிறேன். மறுபுறம் அது வளைவை 2-க்கு நேரே வெட்டுகிறது. உயரம் 4. குறுக்கே 1 நகர, மேலே 3 ஏறுகிறது. வெட்டுக்கோட்டின் சாய்வு 3.

கோடு போடுகிறேன்.

மறுபுள்ளி 1.5. சாய்வு 2.5.

1.1. சாய்வு 2.1.

ஸ்கேல் ஊசியைச் சுற்றித் திரும்புவது விரல்நுனிக்கு மட்டும் தெரிகிறது.

1.01. குறுக்கே அரை மில்லிமீட்டர். பென்சில் கோட்டின் தடிமனே அவ்வளவு இருக்கும். இனி கண்ணுக்கு வேலையில்லை. எண் மட்டும் நடக்கிறது. 2.01. 2.001.

இடப்பக்கமிருந்து: 0.9-க்கு 1.9. 0.99-க்கு 1.99.

இரு பக்கமும் 2-ஐப் பார்த்தபடி. நடுவில் யாரும் இல்லை.

தாளின் ஓரத்தில் கணக்கு. சாய்வு என்பது 2-உம் இடைவெளியும் சேர்ந்தது. இது கிடைக்க, வழியில் இடைவெளியால் வகுத்தாக வேண்டும். பூஜ்யத்தால் வகுக்க முடியாது. வகுத்து முடித்த பிறகு அதையே பூஜ்யம் என்று விட்டுவிடலாமா?

1734-இல் தத்துவஞானி பெர்க்லி எழுப்பிய ஆட்சேபம் இது. நியாயமானது. வகுப்பறையில் இதை ஒரே மூச்சில் தாண்டிவிடுகிறோம். எனக்கு இங்கே உட்காரத் தோன்றுகிறது.

1821. கணிதவியலாளர் கோஷியின் நூலில் எல்லைக்கு ஒரு வரையறை. போய்ச் சேர வேண்டியதில்லை. வித்தியாசத்தை எவ்வளவு சிறிதாகக் கேட்டாலும் அவ்வளவு சிறிதாக்க முடிந்தால் போதும்.

போதும்.

அந்தச் சொல்லில் சற்று நேரம்.

மின்விசிறி தாளின் ஓரத்தைத் தூக்கித் தூக்கி விடுகிறது.

இன்னொரு தாள். மட்டு மதிப்பின் வரைபடம். இரண்டு நேர்கோடுகள் கீழே ஒரு முனையில் சேர்கின்றன. முனையில் ஊசி. வலப்பக்கம் எங்கே தொட்டாலும் சாய்வு 1. இடப்பக்கம் −1. எத்தனை நெருங்கினாலும் அதேதான். இரு பக்கமும் ஒரே எண்ணைப் பார்க்கவில்லை. அதனால் இங்கே வகைக்கெழு இல்லை. ஸ்கேல் ஊசியில் ஆடுகிறது. பிடிக்காமல் விடுகிறேன்.

முதல் தாளிலிருந்து ஊசியை எடுக்கிறேன். புள்ளி இருந்த இடத்தில் துளை. வெட்டுக்கோடுகள் எல்லாம் அதன் வழியே போகின்றன.

தொடுகோட்டை இன்னும் வரையவில்லை.