எழுதிப் பார்த்தலும் பார்த்து எழுதுதலும்

தமிழில் ‘பார்’, ‘எழுது’ என்னும் இரண்டு வினைகள் அடுத்தடுத்து வரும்போது, எது முன்னே நிற்கிறது என்பதைப் பொறுத்துப் பொருள் அடியோடு மாறிவிடுகிறது. ‘பார்த்து எழுதுதல்’ என்றால் கண்முன் இருக்கும் ஒன்றைப் படியெடுத்தல். ‘எழுதிப் பார்த்தல்’ என்றால், படித்தது மனத்தில் தங்கியிருக்கிறதா என்று நூலை மூடிவைத்துவிட்டுச் சோதித்தறிதல். பின்னதில் வரும் ‘பார்’ கண்ணால் காண்பதைக் குறிக்கவில்லை. ‘தின்று பார்’, ‘கேட்டுப் பார்’ என்பவற்றில் போல, ஒரு செயலை முயன்று அதன் விளைவை அறிவதைக் காட்டும் துணைவினையாக அது நிற்கிறது. கையால் எழுதிப் படிப்பது மேலா, விசைப்பலகையில் தட்டிப் படிப்பது மேலா என்று பெற்றோரும் ஆசிரியரும் மாணவரும் இன்று நடத்திவரும் வழக்கில் பேனாவையும் மடிக்கணினியையும் பற்றிய பேச்சே மிகுந்திருப்பதால், இந்த இரு செயல்களுக்கும் இடையிலுள்ள தொலைவு பெரும்பாலும் எவர் கண்ணிலும் படுவதில்லை.

கையெழுத்தின் சார்பில் பேசுவோர் அடிக்கடி எடுத்துக்காட்டுவது, பாம் முல்லர், டேனியல் ஓப்பன்ஹைமர் என்னும் இரு உளவியலாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வை. கல்லூரி மாணவர்களை ஒளிப்பதிவு செய்யப்பட்ட சொற்பொழிவுகளைக் கேட்கச் செய்து, சிலரைத் தாளிலும் சிலரை மடிக்கணினியிலும் குறிப்பெடுக்கச் சொன்னபோது, முதற் சோதனையில் தட்டச்சு செய்தவர்கள் சராசரியாக 300-க்கும் மேற்பட்ட சொற்களைக் குறித்திருக்க, கையால் எழுதியவர்கள் 200-ஐக்கூட எட்டவில்லை. தகவலை மட்டும் கேட்ட வினாக்களில் இரு சாராரும் ஏறத்தாழச் சமமாக நின்றாலும், கருத்தைப் புரிந்துகொண்டு விடையளிக்க வேண்டிய வினாக்களில் குறைவாக எழுதியவர்களே முந்தினார்கள். மற்றொரு சோதனையில், கேட்டதை அப்படியே பதிவு செய்யாமல் சொந்தச் சொற்களில் எழுதுங்கள் என்று முன்கூட்டியே எச்சரித்தும், மடிக்கணினிக்காரர்கள் சொல்லுக்குச் சொல் பதிவதை விடவில்லை என்பது அந்த ஆய்வின் மிகச் சுவையான பகுதி. விரல்களுக்கு வேகம் கிடைத்துவிட்டால் மனம் தன் வேலையை அவற்றிடமே ஒப்படைத்துவிடுகிறது போலும்.

இதற்குச் சொல்லப்படும் விளக்கம் எளியது. பேசுபவரின் வேகத்திற்கு எழுதும் கை ஈடுகொடுக்க முடியாது; ஆகவே எழுதுபவர் எதை விடுவது, எதைக் கொள்வது, மூன்று வாக்கியங்களை எப்படி ஒன்றாகச் சுருக்குவது என்று கணந்தோறும் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது; அந்தத் தீர்மானத்திலேயே பாதிப் படிப்பு நடந்துவிடுகிறது. இது சரியானால், பலன் தருவது கை அன்று, கையின் இயலாமைதான் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சுருக்கெழுத்தாளரை இங்கே நினைத்துக்கொள்ளலாம். பிட்மன் முறையில் தேர்ந்த ஒருவர் பேனாவால்தான் எழுதுகிறார், ஆனால் பேச்சின் வேகத்திலேயே எழுதுகிறார். பேசப்பட்டதன் பொருளை அவர் எடைபோட வேண்டிய தேவையும் இல்லை, அவரிடம் அதை எவரும் எதிர்பார்ப்பதும் இல்லை. கையெழுத்து என்பதற்காகவே ஒன்று அறிவாகிவிடுவதில்லை என்பதற்கு அவரைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பின்னால் வந்த ஆய்வுகள் இந்த ஐயத்தை வலுப்படுத்தவே செய்தன. 2014-இன் சோதனையை அப்படியே திரும்பச் செய்து பார்த்த மற்றொரு குழு 2021-இல் தன் முடிவுகளை வெளியிட்டது. தட்டச்சு செய்பவர்கள் அதிகச் சொற்களை, அதுவும் பேச்சாளரின் சொற்களையே எழுதுகிறார்கள் என்பது அதிலும் உறுதிப்பட்டாலும், தேர்வில் கையெழுத்துக்காரர்களுக்குக் குறிப்பிடத்தக்க முன்னிலை எதுவும் கிடைக்கவில்லை. 2024-இல் நார்வேயின் துரோண்ட்ஹெய்ம் நகரிலிருந்து வந்த ஆய்வொன்று, 36 மாணவர்களின் தலையில் 256 மின்முனைகள் கொண்ட தொப்பியைப் பொருத்தி, கையால் எழுதும்போது மூளையின் பகுதிகளுக்கிடையே தொடர்பு பரவலாக இருப்பதைக் காட்டியது. உலகெங்கும் செய்தித்தாள்கள் அதைக் கையெழுத்தின் வெற்றியாகக் கொண்டாடின. ஆனால் அந்த மாணவர்கள் ஒற்றை ஆள்காட்டி விரலால் மட்டுமே தட்டச்சு செய்தார்கள் என்பதும், எழுதிய பின் அவர்களுக்கு எது நினைவிருந்தது என்று சோதிக்கப்படவில்லை என்பதும் தலைப்புச் செய்திகளில் இடம்பெறவில்லை. மூளை சுறுசுறுப்பாக இருந்தது என்பதும் மாணவர் கற்றார் என்பதும் ஒன்றல்ல.

தமிழ்நாட்டின் வகுப்பறையை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பதற்கு ஒன்றும் இருக்காது. கையால் எழுதுவதற்கு இங்கே என்றும் பஞ்சம் இருந்ததில்லை. ஆசிரியர் ‘நோட்ஸ்’ சொல்லச் சொல்லத் தலை நிமிராமல் எழுதுவது, கரும்பலகையில் உள்ளதைக் கமா விடாமல் படியெடுப்பது, தவறு செய்ததற்காக ஒரே வாக்கியத்தை நூறு முறை ‘இம்போசிஷன்’ எழுதுவது என்று பல தலைமுறைகள் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியிருக்கின்றன. நூறு முறை எழுதும் மாணவர் வாக்கியமாக எழுதாமல், முதற்சொல்லை மேலிருந்து கீழாக நூறு வரியிலும் எழுதி முடித்துவிட்டுப் பிறகு இரண்டாம் சொல்லுக்கு வருவதைப் பார்த்திருக்கும் எவரும், பேனாவுக்கு இயல்பாகவே ஒரு ஞானம் உண்டென்று சொல்லத் தயங்குவார். பழைய ஏட்டுக் கல்வியிலும் படியெடுத்தல் பெரிய இடம் பெற்றிருந்தது. அச்சு நூல்கள் அரிதாயிருந்த காலத்தில் ஒரு நூலைப் பாடம் கேட்க விரும்பியவர் அதை எழுத்தாணியால் பெயர்த்தெழுதிக்கொள்ள வேண்டியிருந்தது. ஆனால் அங்கே பெயர்த்தெழுதுதல் படிப்புக்கான வாயில் மட்டுமே. அதன்பின் ஆசிரியர் முன் அமர்ந்து பொருள் கேட்பதும், ஏட்டைப் பாராமல் ஒப்பிப்பதும்தான் படிப்பாகக் கருதப்பட்டன.

பாராமல் ஒப்பிப்பதும் எழுதிப் பார்ப்பதும் ஒரே செயலின் இரு வடிவங்கள். ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக் என்னும் உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வலுவான ஆதாரம் தருகிறது. ஒரு பகுதியைப் படித்த மாணவர்களில் ஒரு சாரார் அதையே மீண்டும் படித்தார்கள். மற்றொரு சாரார் அதை மூடிவிட்டு, நினைவிலிருப்பதை வெற்றுத்தாளில் எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மீண்டும் படித்தவர்களே மேலாக இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழாகி, எழுதிப் பார்த்தவர்கள் தெளிவாக முந்தியிருந்தார்கள். நினைவிலிருந்து ஒன்றை வெளியே இழுக்கும் உழைப்பே அந்த நினைவை உறுதியாக்குகிறது என்னும் இந்த உண்மையை ஆய்வாளர்கள் ‘சோதனை விளைவு’ என்கிறார்கள். ‘படித்தால் போதாது, எழுதிப் பார்’ என்று பிள்ளைகளை அதட்டும் வீட்டுப் பெரியவர்கள் இதை எந்தக் கலைச்சொல்லும் இல்லாமலே சொல்லிவந்திருக்கிறார்கள்.

இந்த நோக்கில் பார்த்தால், விசைப்பலகையின் மீதான குற்றச்சாட்டு இடம் மாறுகிறது. அது கையை மறக்கச் செய்கிறது என்பதைவிட, பார்த்து எழுதுவதை வரம்பின்றி எளிதாக்கிவிடுகிறது என்பதே அதன் உண்மையான குறை. வெட்டி ஒட்டும் வசதியில் ‘பார்த்து’ என்பதும்கூடக் கழன்றுவிடுகிறது; படிக்காமலேயே ஒரு பத்தியைத் தன் குறிப்பேட்டுக்குள் கொண்டுவந்துவிடலாம். கரும்பலகையைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்பவருக்கு அந்த ஒட்டும் வேலையும் இல்லை. சேமித்துவிட்டோம் என்னும் நிறைவு, கற்றுவிட்டோம் என்னும் நிறைவாக வேடமிட்டு வந்து நிற்கிறது.

கையெழுத்துக்கு ஈடே இல்லாத இடம் ஒன்று உண்டு. அது எழுத்தறியும் பருவம். மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள பிரெஞ்சுக் குழந்தைகளிடையே மரீக் லோங்கான் குழுவினர் நடத்தி 2005-இல் வெளியிட்ட ஆய்வில், எழுத்துகளைக் கையால் வரைந்து கற்ற மூத்த குழந்தைகள், விசையைத் தட்டிக் கற்றவர்களைவிட அவற்றை நன்றாக அடையாளம் கண்டார்கள். விசைகள் அனைத்தையும் விரல் ஒரே மாதிரி அழுத்துகிறது. வரையும் விரலுக்கோ ‘ண’வும் ‘ன’வும் வெவ்வேறு பயணங்கள். தமிழுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்துகிறது என்றே கொள்ளலாம். 1999-இல் தமிழ்நாட்டு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் ஒவ்வொரு உயிருக்கும் மெய்க்கும் தனி விசை உண்டு. ஆனால் மிகப் பலர் கைப்பேசியில் ஆங்கில எழுத்துகளால் ஒலியைத் தட்டி, திரை காட்டும் தமிழ்ச் சொற்களுள் ஒன்றைத் தொட்டுவிடுகிறார்கள். அங்கே ‘பழம்’ என்பதில் வரும் ழகரத்தை எழுதுபவர் உருவாக்குவதில்லை. பட்டியலிலிருந்து தெரிவு செய்கிறார். பார்த்தால் தெரிகிறது, எழுதச் சொன்னால் லகரமா ளகரமா என்று தடுமாற்றம் வருகிறது என்னும் இக்கால முறையீட்டுக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கும், கையால் எழுதுவதில் இயல்பான இடர்ப்பாடு உள்ளவர்களுக்கும் விசைப்பலகை ஒரு விடுதலை. நீண்ட கட்டுரையை அடித்துத் திருத்தி அடுக்கி மாற்றுவதற்கும் அதுவே ஏற்றது. இவற்றில் வழக்குக்கு இடமில்லை.

எஞ்சுவது அன்றாடப் படிப்பு. தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகள் இன்றும் மூன்று மணி நேரம் கையால் எழுதப்படுகின்றன. அந்த மூன்று மணி நேரமும் மாணவரின் முன்னே பார்த்து எழுத எதுவும் இருப்பதில்லை. அப்படியிருக்க, ஆண்டு முழுவதும் அவரைப் பார்த்து எழுதவே பழக்குவது நியாயமாகாது. பாடவேளையின் கடைசிப் பத்து நிமிடத்தில் குறிப்பேட்டையும் கணினியையும் கைப்பேசியையும் ஒருசேர மூடச் சொல்லி, ஒரு வெற்றுத்தாளை மட்டும் மாணவர்களிடம் கொடுத்துப் பார்க்க ஆசிரியர்கள் முன்வர வேண்டும்.