எப்போதாவது

எங்கள் பக்கம் ஒருவர் நொடித்துப்போனால் "மஞ்சக் கடுதாசி குடுத்துட்டாரு" என்பார்கள். கோர்ட் வாசல் பழகியவர்கள் "ஐ.பி. போட்டுட்டாரு" என்பார்கள். எப்படிச் சொன்னாலும் குரல் தாழ்ந்துவிடும். சித்தப்பாவின் நூல் வியாபாரம் படுத்தபோது அந்தத் தாழ்ந்த குரலைப் பல வருடம் கேட்டிருக்கிறேன்.

திவாலானவர் என்று நீதிமன்றம் அறிவித்தது. பெயரும் விலாசமும் அரசிதழில் வந்தன. இருந்ததை விற்றுப் பங்கிட்டார்கள். சில ஆண்டுகள் கழித்து விடுவிப்பு உத்தரவு கிடைத்தது. அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு பீரோவில் வைத்துக்கொண்டு, ஒரு மில்லில் கணக்கர் வேலைக்கு மனு எழுத உட்கார்ந்தார். படிவத்தில் ஒரு கேள்வி: "நீங்கள் எப்போதாவது திவாலானவர் என அறிவிக்கப்பட்டதுண்டா?"

அந்த 'எப்போதாவது' என்ற சொல்மேல் எனக்கு இருக்கும் கோபம் இன்னும் தீரவில்லை. சட்டம் எல்லா இடத்திலும் அப்படிக் கேட்பதில்லை. அரசியல் சாசனத்தின் 102ஆவது பிரிவு நாடாளுமன்றத்துக்கு வரக்கூடாது என்று தடுப்பது, இன்னும் விடுவிக்கப்படாத திவாலானவரைத்தான். 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் இயக்குநர் பதவிக்கு வைத்திருக்கும் தடையும் அப்படியே. மாவட்டங்களுக்கான 1920ஆம் ஆண்டுத் திவால் சட்டம் இன்னும் கடுமையானது: விடுவிப்புக்கு முன் 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கினால், கொடுப்பவரிடம் தன் நிலையைச் சொல்லியாக வேண்டும், மறைத்தால் 6 மாதம் வரை சிறை. 50 ரூபாய் என்றால் இன்று மளிகைக்கடைப் பாக்கியே அதைத் தாண்டிவிடும். ஆனால் அந்தக் கடுமையும் விடுவிப்போடு முடிந்துவிடுகிறது. நாடாளுமன்றத்தில் உட்காரத் தகுதியுள்ளவர் மில் கணக்கு எழுதக் கூசி நிற்க வேண்டுமா? "விடுவிக்கப்பட்டீர்களா, எந்த ஆண்டு?" என்று கீழே இன்னொரு வரி சேர்க்க எவ்வளவு மை செலவாகும்?

'இல்லை' என்று எழுதச் சொன்னவன் நான்தான். அவர் வாங்கியதெல்லாம் கைமாத்தும் புரோநோட்டும். சிபிலில் தேடினாலும் அகப்படாது. பழைய அரசிதழை யார் புரட்டப்போகிறார்கள்?

சித்தப்பா பேனாவை மூடி வைத்தார். "இல்லைன்னு எழுதினா, ரூவாய்க்கு நாலணா வாங்கிட்டுப் போனாங்களே, அவங்க இழந்ததும் இல்லைன்னு ஆயிருமே கண்ணு."

உத்தரவு அவர் தோளிலிருந்து கடனை இறக்கியது. இறங்கிய சுமை காற்றில் கரைந்துவிடவில்லை. கூலியைச் சேர்த்துக் கொடுத்திருந்த தறிக்காரர் வீட்டுக்கும், மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்ததை நம்பிக் கொடுத்த ஓர் அக்கா வீட்டுக்கும் அது போயிருந்தது. சட்டம் இதைத் தெரிந்தேதான் செய்கிறது. விழுந்தவன் எழுந்திருக்க வேறு வழியில்லை, அதை முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் அவர்களுக்கு இனிப் பணமாகக் கொடுக்க அவரிடம் ஒன்றுமில்லை. உங்களிடம் வாங்கினேன், திருப்பித் தர முடியவில்லை என்று ஒத்துக்கொள்வது மட்டும்தான் மிச்சம். அந்தக் கட்டத்தை நான் மில்காரருக்குச் சொல்ல வேண்டிய பதிலாகப் பார்த்தேன். சித்தப்பாவின் கண்முன் அந்த அக்காவும் தறிக்காரரும் நின்றார்கள்.

'ஆம்' என்று எழுதினார். இடம் போதாமல், விடுவிப்பு உத்தரவின் எண்ணையும் ஆண்டையும் ஓரத்தில் பொடி எழுத்தில் சேர்த்தார்.

அந்த மில்லிலிருந்து பதில் வரவில்லை. அடுத்த படிவத்திலும் அதையே எழுதினார்.