மனம் அமரும் இடம் எது?

ஆலயம் என்ற சொல்லுக்கு ‘ஆன்மா லயிக்கும் இடம்’ என்று நமது பெரியோர் பொருள் கூறுவர். மலையகத்தவராகிய நமக்கு இன்னொரு லயமும் உண்டு. வெள்ளைக்காரத் துரைமார் ‘லைன்’ என்று கட்டிவைத்த வீட்டு வரிசையையே நமது முன்னோர் லயம் என்று வழங்கினர். பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட ஒரு காம்பராவில் பாட்டன், பாட்டி முதல் கைக்குழந்தை வரை ஒரு குடும்பமே வாழ்ந்தது. ஒரு வீட்டு இருமல் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். மனம் நொந்தவர் தனியே அமர்ந்து அழுவதற்கும் அங்கே இடமில்லை. அவர்கள்தான் மரத்தடியில் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, மாரியம்மா என்று கும்பிட்டார்கள். லயத்தில் கிடைக்காத ஆறுதல் ஆலயத்து நிழலில் கிடைத்தது.

இன்று நம்மிற் பலர் கலகெதரையிலும் கண்டி - குருநாகல் வீதியோரத்திலும் தனி வீடுகளில் வாழ்கின்றோம். அறைகள் கூடியிருக்கின்றன. அமைதி கூடியிருக்கிறதா? கடன், பிள்ளைகளின் பரீட்சை, வெளிநாட்டில் வேலை செய்யும் மகளைப் பற்றிய ஏக்கம், படுக்கை வரை வந்துவிட்ட கைத்தொலைபேசி ஆகிய அனைத்தும் மனதைப் பிடித்து அலைக்கின்றன. அப்படியாயின் மனம் அமரும் இடத்தை எங்கே தேடுவது?

இதற்கு விடை பெரிய புராணத்தில் இருக்கிறது. தொண்டை நாட்டுத் திருநின்றவூரில் வாழ்ந்தவர் பூசலார் நாயனார். சிவபெருமானுக்குக் கோயில் கட்ட விரும்பிய அவர் பொருள் தேடி அலைந்தார், கிடைக்கவில்லை. பின்பு மனதிலேயே கட்டத் தொடங்கினார். அங்கும் அவர் அவசரப்படவில்லை. கல்லும் மரமும் சேர்த்தார், தச்சரை அமர்த்தினார், நல்ல நாள் பார்த்து அத்திவாரம் இட்டார், விமானம் எழுப்பினார், கிணறும் குளமும் மதிலும் அமைத்தார். பின்னர் பிரதிஷ்டைக்கு நாள் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் பல்லவ மன்னன் கட்டிய கற்றளிக்கும் பிரதிஷ்டை. இறைவன் மன்னனின் கனவில் தோன்றி, பூசலார் கட்டிய ஆலயத்தில் நாளை தாம் எழுந்தருளப் போவதால் மன்னனது விழாவை வேறு நாளில் வைக்கும்படி பணித்தார். மன்னன் நின்றவூர் சென்று, அந்த ஆலயம் எங்கே என்று கேட்டபோது, அப்படியொரு கோயிலே இல்லை என்றனர் ஊரார். இன்று திருநின்றவூரில் சுவாமிக்கு இருதயாலீசுவரர் என்பதே திருநாமம்.

இவ்வரலாற்றில் இரண்டு விடயங்களைச் சிந்திக்க வேண்டும். ஒன்று, மனக்கோயிலும் கல்லுக்குக் கல் பொறுமையாகக் கட்டப்பட்டது. நினைத்தவுடன் அமைதி வராது. வீட்டில் சுவாமி விளக்கின் அருகே ஒரு மூலை, தினமும் ஒரே நேரம், பத்து நிமிடம் போதும். மூச்சை மெதுவாக விட்டு, நமது ஆலய வாசல், பலிபீடம், மூலஸ்தானத்துத் தீபம் என்று படிப்படியாக மனதால் உள்ளே செல்லப் பழகுங்கள். பழகியவருக்குப் பஸ்ஸிலும் வைத்தியசாலைக் கட்டிலிலும் அந்த வாசல் திறக்கும். பதற்றத்தால் துன்புறுவோரிடம், தமக்குப் பாதுகாப்பாகத் தோன்றும் ஓர் இடத்தை மனதிற் காணும்படி இன்றைய மனநல வைத்தியர்களும் சொல்கிறார்கள்.

மற்றது, இறைவன் மன்னனின் கோயிலை வேண்டாமென்று சொல்லவில்லை. நாளை மாற்றவே சொன்னார். புறத்திலும் இடம் வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது கண்டி மாவட்டத்தில் மலைகள் சரிந்து வீடுகளை மூடின. கூரையிழந்து நிற்பவரிடம் ‘நெஞ்சிலே கோயில் கட்டு’ என்று உபதேசிப்பது தர்மமாகாது. முதலில் பாயும் சோறும் கூரையும். அதன் பின்பே உபதேசம்.

மன அமைதி என்ற பெயரில் ஓடி ஒளிவதும் உண்டு. சாராயக் கடையும் சிறிது நேரம் கவலையை மறக்கச் செய்கிறது. ஆனால் அங்கிருந்து திரும்புகிறவரைக் கண்டு பிள்ளைகள் கதவின் பின்னால் ஒளிகிறார்கள். மெய்யான இடத்திலிருந்து திரும்புகிறவரிடம் கனிவு கூடியிருக்கும். விட்டுவந்த கடமையை அவர் மீண்டும் கையிலெடுப்பார். இடத்தின் தன்மையை அறிய இதுவே உரைகல்.

இன்னுமொன்று. ஆண்களுக்குத் தேநீர்க் கடை வாங்கு இருக்கிறது, சந்தி இருக்கிறது. விடியுமுன் எழுந்து சமைத்து, கொழுந்து பறித்து, திரும்பவும் அடுப்படிக்கே வரும் தாய்க்கு எந்த இடம் இருக்கிறது? அவள் விளக்கின் முன் அமரும் பத்து நிமிடத்தில் பிள்ளையை நாம் பார்த்துக்கொள்வதும் சிவபூசைதான். தனக்கு அமைதி தேடுபவன் பிறரது அமைதிக்கும் காவல் நிற்க வேண்டும்.

ஆலயத்துக்கும் இது பொருந்தும். ஒலிபெருக்கியின் இரைச்சலில் ஆன்மா எப்படி லயிக்கும்? பூசலார் நாயனாரின் குருபூசை ஐப்பசி அனுஷத்தில் வருகிறது. அன்று மாலைப் பூசை முடிந்ததும் ஒலிபெருக்கியை நிறுத்தி, பெரியோரும் சிறுவரும் சிறிது நேரம் மௌனமாக அமர்ந்திருக்க ஆலய பரிபாலன சபையும் அடியார்களும் முன்வர வேண்டும். அவரவர் நெஞ்சில் முதற் கல்லை வைக்க அதுவே நல்ல நாள். அம்பாளின் திருவருள் அனைவருக்கும் துணை நிற்பதாக.